வத்சலா தேடி வந்த பதினோரு பேர்

கல்யாண வீட்டில் பிரியாணிக்குத் தம் போடுகிற நேரத்தில் பண்டாரியிடம் பேச வருகிறவனுக்கு மூளை கிடையாது என்பது என் கருத்து. அரிசி முக்கால் வெந்து நிற்கும். மூடியைச் சுற்றி மாவு ஒட்டவேண்டும், கனலை அள்ளி மேலே பரப்பவேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் பெற்ற வாப்பா கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேலாற்றூரில் ஒரு கல்யாண வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு, பின்னால் நான் மரியாதைக்கு வத்சலேச்சி என்று கூப்பிட ஆரம்பித்த வத்சலா வந்தது அப்படிப்பட்ட நேரத்தில்தான்.

கூட வந்தவன் பீரான். பெரிந்தல்மண்ணையைச் சுற்றி பத்து மைலுக்கு பிரியாணி என்றால் இரண்டே பேர், ஒன்று நான், இன்னொன்று பீரான். நான் நெய்யில் டால்டா கலக்கிறேன் என்று அவன் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் ஆடு என்று சொல்லி எருமையைப் போடுகிறான் என்று நானும் என்னால் ஆனதைச் செய்தேன். ஒரே பள்ளிவாசலில் தொழுதாலும் ஒரே வரிசையில் நிற்க மாட்டோம். அவனை என் அடுப்பங்கரையில் பார்த்ததுமே எனக்கு ரத்தம் ஏறியது. அவன் என்னவோ வேலியோரமாகவே நின்றுகொண்டு தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் மட்டும் அடுப்புக்கு அருகில் வந்தார். முப்பது வயது இருக்கும். ஒல்லி உடம்பு, தோளில் ஒரு துணிப்பை.

“சைதலவி இக்கா நீங்கதானே? ஒரு அஞ்சு நிமிஷம் தனியாப் பேசணும்.”

“கல்யாணம் பேசறதுன்னா சாயங்காலமா வீட்டுக்கு வாங்க. இப்ப தம் போடணும்.”

“கல்யாண விஷயம் இல்ல இக்கா. மூணு வருஷம் முன்னாடி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல லேபுக்கு வந்து, பீரான்னு பேர் குடுத்து ஒரு டெஸ்ட் பண்ணீங்களே... அதைப் பாத்து எழுதினது நான்தான்.”

கனல் அள்ளிய கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் அந்த டெஸ்டுக்குப் போகிற ஆண் எவனும் தன் பேரைச் சொல்ல மாட்டான். கவுண்டரில் பேர் கேட்டதும் யார் காதிலாவது விழுகிறதா என்று நாலு பக்கமும் பார்ப்பான், பிறகு வாயில் வந்ததைச் சொல்வான். மச்சான் பேரைச் சொன்னவன் உண்டு, செத்துப்போன மாமன் பேரைச் சொன்னவன் உண்டு. எனக்கும் மைமூனாவுக்கும் நிக்காஹ் ஆகி ஐந்து வருஷம் கழித்து நான் போனேன். பேர் கேட்டார்கள். ராத்திரி பகலாக எவனைத் திட்டிக்கொண்டிருந்தேனோ அவன் பேர்தான் நாக்கில் வந்தது. “பீரான், கூட்டாசேரி வீடு” என்றேன். வெளியே வந்ததும் ஒரு குட்டிச் சந்தோஷம்கூட இருந்தது. இரண்டு நாள் கழித்துக் காகிதம் வந்தது. உயிரணு எண்ணிக்கை: பூஜ்யம். சந்தோஷம் அதோடு போயிற்று. அந்தக் காகிதத்தை அன்றைய கல்யாண அடுப்பிலேயே போட்டேன்.

ஆறு மாதம் கழித்து மைமூனாவிடம் சொன்னேன். அவள் எழுந்து சோறு போட்டாள். அதற்குப் பிறகு நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டதெல்லாம் ஒன்றுதான்: அணைந்த அடுப்பு. ஊரில் எல்லார் பிள்ளைகளின் கல்யாணத்துக்கும் நான் சோறு ஆக்குகிறேன், என் வீட்டில் ஒரு தொட்டில் கட்ட வழியில்லை. மூன்று வருஷம் இப்படி நினைத்து நினைத்து ஒரு முடிவுக்கு வந்தேன். மைமூனாவுக்கு இருபத்தேழு வயதுதான் ஆகிறது. என்னோடு இருந்தால் அவளுக்கு என்ன கிடைக்கும், நெய் வாசனையைத் தவிர? விட்டுவிட்டால் வேறு ஒருத்தனைக் கட்டிப் பிள்ளை பெறுவாள். பெரிய தியாகி என்று என்னையே மெச்சிக்கொண்டு அவளை அவள் அண்ணன்மார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஜமாஅத்தாரும் அவள் அண்ணன்மாரும் உட்கார்ந்து தலாக் முடிப்பது என்று பேசியாகிவிட்டது. அந்த வெள்ளிக்கு முந்தைய ஞாயிறுதான் இது.

“இக்கா, நான் தப்பா எழுதிட்டேன்,” என்றார் வத்சலேச்சி. “தப்புன்னு உறுதியாவும் சொல்ல முடியாது. ஆனா பூஜ்யம்னு எழுத எனக்கு உரிமை இல்ல. நான் ஒழுங்காத் தேடவே இல்ல.”

அவருடைய கதையை நான் பின்னால்தான் முழுதாகக் கேட்டேன். அந்தச் சின்ன லேபில் ரத்தமும் மூத்திரமும் பார்க்க வேலைக்குச் சேர்ந்தவர். இந்த டெஸ்டும் வந்தது, இதையும் பார் என்றார்கள். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பத்து இடம் பார்ப்பார். இருந்தால் எண்ணுவார், காணாவிட்டால் பூஜ்யம். நாலு வருஷம் இப்படியே போயிருக்கிறது. பிறகு கோழிக்கோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு மாதப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே மூன்றாவது நாள், சொட்டில் ஒன்றுமே காணாத ஒருவனுடைய குழாயை மெஷினில் வைத்துச் சுற்றியிருக்கிறார்கள். அடியில் படிந்த வண்டலை எடுத்து மறுபடி பார்த்தால், அதில் இருந்திருக்கின்றன. பத்துப் பதினைந்து, உயிரோடு.

“சுத்தாமலே பாத்து பூஜ்யம்னு எழுதினா?” என்று இவர் பக்கத்து மேஜைக்காரியைக் கேட்டிருக்கிறார்.

“அதுக்குப் பேரு பூஜ்யம் இல்லடீ, சோம்பேறித்தனம்,” என்று அவள் சிரித்திருக்கிறாள்.

பயிற்சி முடிந்து ஊருக்கு வந்ததும் செய்த முதல் வேலை, பழைய ரிப்போர்ட்டுகளின் கார்பன் நகல்களை எடுத்துப் புரட்டியதுதான். நாலு வருஷத்தில் பதினோரு பூஜ்யம்.

நான் நியாயமாகவே கேட்கிறேன், அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இனிமேல் ஒழுங்காகப் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பீர்கள். நான் அதைத்தான் செய்திருப்பேன். ஒரு தடவை வண்டூரில் எண்ணூறு பேருக்கு உப்பு அதிகமாகப் போட்டுவிட்டேன். அதற்காக வீடு வீடாகப் போய் மன்னிப்பா கேட்டேன்? இந்த அம்மா போனார். லேப் முதலாளி, “உனக்குப் பைத்தியமா? நாமளே போய்த் தப்புன்னு சொன்னா நாளைக்கு சுகர் பாக்கக்கூட ஒருத்தன் வரமாட்டான்,” என்று குதித்திருக்கிறார். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக, துணிப்பையில் பதினோரு நகலை வைத்துக்கொண்டு, பஸ் மாறி பஸ் ஏறிப் போனார். போன இடத்தில் பாதிப் பேர் பொய்ப் பேர்.

அப்படித்தான் பீரான் வீட்டுக்கும் போயிருக்கிறார். அவனை வாசலுக்கு வெளியே கூப்பிட்டு மெல்ல விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

“சிஸ்டர், எனக்கு ஆறு பிள்ளைங்க. ஏழாவது அடுத்த மாசம்,” என்றானாம் பீரான்.

பிறகு நகலை வாங்கிப் பார்த்திருக்கிறான். வயது முப்பத்தொன்று என்று இருந்தது. அவனுக்கு அப்போதே ஐம்பது. “என் மேல இவ்வளவு பாசம் வச்சிருக்கறவன் இந்த ஜில்லாவுலயே ஒருத்தன்தான்,” என்றிருக்கிறான். அதோடு நேராக டீக்கடைக்குப் போய் இதைச் சொல்லியிருந்தால் நான் ஊரைவிட்டே ஓடியிருப்பேன். அவன் போகவில்லை. ஆட்டோவைப் பிடித்து வத்சலேச்சியை ஏற்றிக்கொண்டு என் அடுப்பைத் தேடி வந்தான்.

அந்த நல்ல மனசெல்லாம் அப்போது எனக்கு எங்கே தெரிந்தது? கத்தினேன். கையில் கரண்டி, அதில் கனல். “மூணு வருஷம்! மூணு வருஷமா நான் ஆம்பளையே இல்லைன்னு நினைச்சுப் படுத்து எந்திரிச்சேன். பொண்டாட்டிய வீட்டுக்கு அனுப்பிட்டேன். இப்ப வந்து தேடலைன்னு சொல்ற? தேடறதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?” தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து போய்விட்டார்கள். வத்சலேச்சி நகரவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“திட்டுங்க இக்கா. திட்டி முடிச்சதும் ஒரே ஒரு தடவை லேபுக்கு வாங்க. நான் ஆசை காட்ட வரல. மறுபடியும் ஒண்ணும் இல்லாமப் போகலாம். ஆனா இந்தத் தடவை ஒழுங்காத் தேடிட்டுச் சொல்றேன்.”

“உங்க முதலாளி விடுவாரா?”

“மாசக் கடைசியோட வேலைய விட்டு நிக்கச் சொல்லிட்டாரு. அதுவரைக்கும் மெஷின் என் கையிலதான் இருக்கு.”

அதற்கு மேல் எனக்குக் கத்த வரவில்லை. திரும்பிப் பார்த்தால், என் அண்டாவுக்கு மாவு ஒட்டி, கனல் பரப்பி, கச்சிதமாகத் தம் போட்டு முடித்திருந்தான் பீரான். அன்றைக்கு அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள் இன்று வரை என் கையைத்தான் புகழ்கிறார்கள்.

வத்சலேச்சி மூன்று நாள் விட்டு வரச்சொன்னார். புதன்கிழமை காலையில் போனேன். கவுண்டரில் முதலாளி பலாக்காய் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “பேரு?” என்றார். சைதலவி என்று சத்தமாகவே சொன்னேன்.

குழாயை மெஷினில் வைத்து வத்சலேச்சி சுற்றவிட்டபோது மணி பத்து. பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். பக்கத்து நாற்காலியில் பீரான், யாரும் கூப்பிடாமலே வந்தவன். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது, அதன் வழியே அவர் முதுகு தெரிந்தது. வலது கை மட்டும் மைக்ராஸ்கோப்பின் குமிழை இம்மி இம்மியாகத் திருப்பிக்கொண்டிருந்தது. சொட்டு விட்ட கண்ணாடியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அங்கிருந்து ஒரு நூல் இறங்கி மறுபடி இந்த ஓரம். ஒரு இடம்கூட விடாமல், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி. ஒரு கண்ணாடி முடிந்தால் அடுத்த கண்ணாடி. டீ கொண்டுபோன பையன் அதை அப்படியே திருப்பி எடுத்து வந்தான். கூலிக்குப் பார்க்கிறவர் அப்படிப் பார்க்க மாட்டார். காணாமல் போன தன் பிள்ளையைத் தேடுகிறவள்தான் அப்படித் தேடுவாள்.

ஒன்றரை மணிக்குப் பீரான், “காணலைன்னா என்னடா, நீ ஆக்கற பிரியாணி கெட்டா போயிடும்?” என்றான். பத்து வருஷத்தில் அவன் என் பிரியாணியைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டேகால் மணிக்குக் கதவு திறந்தது. “இக்கா, உள்ள வாங்க” என்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன. “ஒரு கண்ணை மூடிட்டு இதுல பாருங்க. மேஜை மேல கை வைக்காதீங்க.”

பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, மங்கலான வெளிச்சமும் மணல் மணலாக என்னவோ குப்பையும். “நடுவுல, கொஞ்சம் இடது பக்கம்,” என்றார். அப்போது அது தெரிந்தது. தலை ஒரு புள்ளி. வால் ஒரு கீற்று. அசைந்தது. நின்றது. மறுபடி வாலைச் சொடுக்கிக்கொண்டு அந்தக் குப்பைக்குள் முண்டி முண்டி முன்னால் போயிற்று. அதற்கு எங்கே போகவேண்டும் என்று யார் சொன்னார்கள்? என் உடம்புக்குள் மூன்று வருஷமாக, நான் செத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், என்னைக் கேட்காமல், எனக்குத் தெரியாமல், இது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆயிரக்கணக்கான தடவை சொன்ன வார்த்தைதான், அர்த்தத்தோடு சொன்னது அன்றுதான்.

“மொத்தம் நாலு கிடைச்சுது,” என்றார். “ரெண்டுக்கு உயிர் இருக்கு.”

“லட்சக்கணக்குல இருக்கணும்னு சொல்வாங்களே?”

“ஆமா, கோடிக்கணக்குல இருக்கணும். நாலு ரொம்பக் கம்மி. ஆனா உற்பத்தி நிக்கல இக்கா. ஏன் கம்மியாச்சுன்னு டாக்டர்கிட்ட காட்டுங்க. இன்னிக்கு உடம்பு செய்ய ஆரம்பிக்கறது வெளிய வர ரெண்டரை மாசம் ஆகும், தெரியுமா? இப்ப நீங்க பாத்தது, மழைக்காலத்துல ஆரம்பிச்சது.”

டாக்டர் பார்த்தார். விதைப்பைக்கு மேலே நரம்பு சுருண்டு புடைத்திருந்தது, அதனால் அங்கே சூடு. போதாததற்கு இருபது வருஷமாக அடுப்பு வெக்கையில் நிற்கிறேன். சின்ன ஆபரேஷன் செய்து, ஆறு மாதம் நெருப்புப் பக்கம் போகாதே என்றார். அந்த ஆறு மாதமும் நான் ஒத்துக்கொண்டிருந்த கல்யாணங்களுக்கெல்லாம் பீரான் போய், சைதலவி பிரியாணி என்று சொல்லியே ஆக்கினான். ஆறு மாதத்தில் நாலு என்பது சில லட்சம் ஆயிற்று. அதுவும் தானாகப் பிள்ளை உண்டாகப் போதாது. ஆனால் முடியைவிட மெல்லிய ஊசியில் ஒரே ஒரு அணுவை எடுத்துக் கருமுட்டைக்குள் வைக்கிற சிகிச்சைக்கு ஒன்று போதுமே. அதற்குள் வத்சலேச்சியை, அவருக்குப் பயிற்சி கொடுத்த அந்தக் கோழிக்கோட்டு ஆஸ்பத்திரியே வேலைக்கு எடுத்திருந்தது. லட்சத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது அவர்தான். எதைப் பார்த்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். “நல்லா ஓடுச்சு, பிடிச்சேன்” என்றார். என் மகள் ஷிஃபானா ஒரு இடத்தில் இரண்டு நிமிஷம் உட்கார மாட்டாள், காரணம் இதுதான் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

பதினோரு பேரில் எல்லாருக்கும் இப்படி ஆகவில்லை. நாலு பேருக்குத் தேடித் தேடியும் ஒன்றும் இல்லை. அதையும் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சொன்னார். ஒருவர் இறந்துபோயிருந்தார். ஒருவர், இந்தப் பக்கம் இனி வராதே என்று நாயை அவிழ்த்துவிட்டார். மூன்று பேர் யார் என்பது கடைசி வரை தெரியவில்லை. அந்த மூன்று நகலும் இன்னும் அவர் மேஜையில் இருக்கின்றன. நிலம்பூர்க்காரர் ஒருவருடைய கதைதான் மோசம். அந்தக் காகிதத்தை நம்பி இரண்டு வருஷத்துக்கு முன்பே மனைவியை விட்டுவிட்டார், அவள் வேறு ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர் குழாயில் முப்பதுக்கு மேல் இருந்தன. வத்சலேச்சி அதை மறைக்கவில்லை. நேரே போய்ச் சொன்னார். அந்த மனுஷன் கத்தவில்லை, உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன் என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். இப்போதும் அவர் பூஜ்யம் என்று எழுதுவதற்கு முன் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் தேடுகிறார். இந்த அம்மாவுக்கு எங்கிருந்து இவ்வளவு தைரியம் வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஏனென்றால் எனக்கு அது கிடையாது. அந்தப் புதன்கிழமை சாயங்காலம் நடந்த ஒன்றை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

லேபிலிருந்து நேராக மைமூனாவின் அண்ணன்மார் வீட்டுக்கு ஓடினேன். சட்டைப் பையில் வத்சலேச்சி எழுதிக் கொடுத்த புது ரிப்போர்ட். மைமூனா முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சலாம்கூடச் சொல்லாமல் காகிதத்தை நீட்டினேன். மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: பூஜ்யம் பொய், நாலு இருக்கிறது, கண்ணால் பார்த்தேன், வெள்ளிக்கிழமை ஒன்றும் வேண்டாம், கிளம்பு வீட்டுக்கு.

அவள் காகிதத்தைப் படித்தாள். மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

“ஒண்ணு கேட்கவா?” என்றாள். “அந்தச் சேச்சி இன்னிக்கும் ஒண்ணும் காணலைன்னு சொல்லியிருந்தா, நீங்க இங்க வந்திருப்பீங்களா?”

நான் காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தேன்.

“நீங்க எனக்காகத்தான் விடறேன்னு சொன்னீங்க. எனக்கு என்ன வேணும்னு என்கிட்ட கேட்டீங்களா? ஜமாஅத்துல கேட்டீங்க, என் அண்ணன்மாரைக் கேட்டீங்க, லேபுல போய்க் கேட்டீங்க.”

“தப்புதான் மைமூனா.”

“இப்ப கிளம்பி வந்தா நான் அந்த நாலுக்காக வந்த மாதிரி ஆகும். போங்க. அந்தக் காகிதத்தை வீட்ல வச்சுட்டு வாங்க. அது இல்லாமயும் என்னைக் கூப்பிடத் தோணிச்சுன்னா, கூப்பிடுங்க.”

துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் நடந்தே வீட்டுக்குப் போனேன், எட்டு மைல். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காலையில் சுபுஹு தொழுதுவிட்டு மறுபடி எட்டு மைல் நடந்தேன். அவள் கதவைத் திறந்தாள். சட்டைப் பை, வேட்டி மடிப்பு எல்லாவற்றையும் வெளியே இழுத்து உதறிக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.